இந்த அந்துப்பூச்சி ஃபலோனியாவா, மட்டெர்னாவா?

இரண்டு படங்களோடு எனக்கு வந்த கேள்வி இது. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து சுவரில் உட்கார்ந்தது. உட்கார்ந்திருந்தவரை காய்ந்த இலை மாதிரி இருந்தது. தொட்டதும் சிறகை விரித்தது. உள்ளே பளீரென்று ஆரஞ்சு நிறம், அதன் நடுவே ஒரு கறுப்பு அடையாளம். கைப்பேசிச் செயலி ‘யூடோசிமா மட்டெர்னா’ என்கிறது. பழைய நூல் ஒன்றில் இதே மாதிரி படத்துக்குக் கீழே ‘ஓபிடெரெஸ் ஃபுல்லோனிகா’ என்று இருக்கிறது. வேளாண் கையேட்டில் ‘ஓத்ரெயிஸ் ஃபுல்லோனியா’. இன்னோரிடத்தில் ‘யூடோசிமா ஃபலோனியா’. குடும்பம் நாக்டுயிடே என்கிறார் ஒருவர், எரெபிடே என்கிறார் இன்னொருவர். இவை நான்கு பூச்சிகளா, ஒரே பூச்சியா? எதை நம்புவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல்லோனிகா, ஃபுல்லோனியா, ஃபலோனியா மூன்றும் ஒரே பூச்சிதான். மட்டெர்னா வேறு பூச்சி. நீங்கள் காட்டிய இரண்டு படங்களில் இரண்டாவது படம்தான் விடை சொல்கிறது. அதில் பின்சிறகின் நடுவே இருப்பது வட்டப் பொட்டு இல்லை. கால்புள்ளியைப் பெரிதாக்கி வரைந்தது போன்ற வளைந்த திட்டு. மற்ற அடையாளங்களும் ஒத்துப்போவதால் இது ஃபலோனியா. முதல் படத்தில் பூச்சி சிறகை மூடியிருக்கிறது. செயலிக்கு நீங்கள் கொடுத்தது அந்தப் படத்தைத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தடுமாறியதற்குக் காரணம் அதுதான். மூடிய சிறகை வைத்து நானும் ஃபலோனியா என்றோ மட்டெர்னா என்றோ சொல்லியிருக்க மாட்டேன்.

பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த பூச்சிக்கு நீங்கள் மறுபடி இன்னொருவரைக் கேட்க வேண்டிவரும். எங்கே பார்த்தேன், ஏன் அங்கே பார்த்தேன் என்பதையும் சொல்கிறேன்.

பெரிய அந்துப்பூச்சி, உள்ளே மஞ்சளோ ஆரஞ்சோ என்றதும் பலர் குழம்புவது மூன்று நான்கு பூச்சிகளிடம். மண்டையோட்டு அந்துப்பூச்சியின் பின்சிறகும் மஞ்சள்தான். ஆனால் அதன் உடல் தடித்துச் சுருட்டு மாதிரி இருக்கும், முதுகில் மண்டையோடு போன்ற வடிவம் தெரியும், பின்சிறகில் கறுப்பு பட்டை பட்டையாக ஓடும். அசோட்டா காரிகே என்று ஒன்று உண்டு. பின்சிறகு ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதில் சிதறினாற்போல் கறுப்புப் புள்ளிகள். ஆனால் அளவில் சின்னது. அதன் பழுப்பு முன்சிறகில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், சிறகின் அடியில் ஆரஞ்சின் மேல் கரும்புள்ளிகள் இருக்கும். ஆமணக்குக் காவடிப்புழுவின் அந்துப்பூச்சியும் விளக்குக்கு அடிக்கடி வரும். அதன் பின்சிறகு கறுப்பும் வெள்ளையும், ஆரஞ்சே கிடையாது. இவற்றை ஒதுக்கிவிட்டால், சிறகை விரித்தால் 8 முதல் 10 செ.மீ. வரை அகலம், இலை போன்ற முன்சிறகு, ஆரஞ்சுப் பின்சிறகில் கறுப்பு விளிம்பும் நடுவே ஒரு கறுப்பு அடையாளமும் என்ற சேர்க்கை வந்தால், அநேகமாக நீங்கள் யூடோசிமா பேரினத்துக்குள் வந்துவிட்டீர்கள். (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுப்பு, இரட்டைப் பெயரின் முதல் சொல் அதுதான்.) உலகம் முழுக்க இந்தப் பேரினத்தில் ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் வெப்பமண்டலத்தில்.

பேரினம் வரை வருவது எளிது. இனத்தைப் பிரிப்பதில்தான் பொறுமை வேண்டும்.

முன்சிறகு இந்தப் பூச்சி ஒளிந்துகொள்ளும் இடம். காய்ந்த இலையின் நடுநரம்பு, பூஞ்சை படிந்த திட்டு, பச்சை கலந்த பழுப்பு, ஊதா சாயல் எல்லாம் அதில் வரும். ஒரே இனத்திலேயே ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இலைகள் அப்படித்தானே இருக்கின்றன, அதைப் பார்த்துச் செய்ததும் அப்படித்தான் இருக்கும். பறவையின் கண்ணில் படாமல் இருப்பதற்கு இந்த மாறுபாடு உதவுகிறது. அடையாளம் தேடுகிற நமக்கு இதுவே தொல்லை. பின்சிறகின் நிலை வேறு. பூச்சி உட்கார்ந்திருக்கும்போது அது மறைந்தே இருக்கிறது. தொந்தரவு செய்தால் மட்டும் திடீரென்று வெளியே வரும். எதிரியை ஒரு கணம் திகைக்க வைப்பதே அதன் வேலை. அந்தக் கோலம் ஓர் இனத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே யூடோசிமா என்று தெரிந்ததும் கண் பின்சிறகுக்குப் போக வேண்டும்.

ஃபலோனியாவில் நடுத் திட்டு பெரியது, வளைந்தது. சிலர் சிறுநீரகம் என்பார்கள், சிலர் கால்புள்ளி என்பார்கள். மட்டெர்னாவில் அது தெளிவான வட்டப் பொட்டு, மை தொட்ட விரலை ஒருமுறை ஒற்றி எடுத்த மாதிரி. இரண்டிலும் வெளிவிளிம்பில் கறுப்புப் பட்டை இருக்கும், ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவற்றை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம், நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

ஆனால் வளைந்த திட்டு என்றாலே ஃபலோனியா என்று எழுதிவிடவும் கூடாது. சலாமினியா என்ற இனத்திலும் ஏறக்குறைய அதே திட்டு உண்டு. அங்கே முன்சிறகு காப்பாற்றுகிறது. பச்சை முன்சிறகின் மேல் விளிம்பை ஒட்டி, வெண்ணெய் பூசினாற்போல் அகலமான வெளிர்ப் பட்டை ஓடும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஹோமேனா என்ற இன்னோர் இனம் அவ்வளவு எளிதில்லை. அதற்கும் நடுத் திட்டு உண்டு, முன்சிறகில் சலாமினியாவைப் போல் கண்ணைப் பறிக்கும் பட்டை கிடையாது. ஆகவே பின்சிறகு பாதி வழக்கைத் தீர்க்கும், மீதியை முன்சிறகின் மேல்புறம் தீர்க்கும். உங்கள் இரண்டாவது படத்தில் இரண்டு சிறகும் ஒருசேரத் தெரிவதால்தான் துணிந்து பெயர் சொன்னேன்.

இங்கே இன்னொரு சிக்கல், ஆண், பெண். ஃபலோனியாவின் ஆணுக்கு முன்சிறகு ஓரளவு ஒரே சீரான பழுப்பு, மெல்லிய கோடுகளோடு. பெண்ணுக்கு அதே சிறகில் கோடும் திட்டும் கூடுதல், நடுவே ஒரு சிறு வெள்ளை முக்கோணமும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இனம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆணும் பெண்ணும் தனித்தனி இனமாகப் பெயர் வாங்கிய கதை அந்துப்பூச்சி உலகில் நிறைய உண்டு. சந்தேகம் வந்தால் நிறத்தை விட்டுவிட்டு உறுப்பைப் பாருங்கள். பின்சிறகின் முன்விளிம்பு உடலோடு சேரும் இடத்தில், முன்சிறகைப் பிடித்துக்கொள்வதற்கு என்று ஒரு முள் இருக்கும். பறக்கும்போது இரண்டு சிறகும் ஒன்றாக அசைய அதுதான் கொக்கி. ஆணுக்கு அது தடித்த ஒற்றை முள். பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெல்லிய முட்கள். செத்துக் கிடக்கும் பூச்சி கிடைத்தால் முன்சிறகை ஊசி முனையால் லேசாக முன்னால் தள்ளி, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸால் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் குழுவில் மட்டுமில்லை, கணக்கற்ற அந்துப்பூச்சிகளுக்கு இது பொருந்தும்.

இந்தப் பூச்சியிடம் எனக்கு மிகப் பிடித்த உறுப்பு அதன் நாக்கு. நாக்கு என்று சொல்வது வசதிக்காக. உண்மையில் இரண்டு அரைக்குழாய்கள் பக்கவாட்டில் கொக்கி கோத்து ஒன்றாகி உறிஞ்சுகுழலாக ஆனது. பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கு அது மென்மையானது, பூவின் தேனை உறிஞ்சத்தான் உதவும். யூடோசிமாவின் குழலைச் சுருளிலிருந்து ஊசியால் நீட்டிப் பாருங்கள். நுனியை நெருங்க நெருங்க நிறம் கருத்து, விறைப்பாகி, கடைசியில் கூராக முடியும். லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனால் நுனியைச் சுற்றி முட்களும் கொக்கிகளும் தெரியும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது தச்சரின் துளைக்கருவிதான் நினைவுக்கு வந்தது. வேலையும் அதேதான். குழலின் இரண்டு பாதிகளும் ஒன்று முன்னே போக ஒன்று பின்னே வர, மாறி மாறி நகர்ந்து பழத்தோலை அறுத்து உள்ளே இறங்குகின்றன. முழுசாக இருக்கும் ஆரஞ்சின் தோலைக்கூட இது தானே துளைக்கும். பழத்தில் ஊசி குத்தியது போல் ஒரு துளை மட்டும் மிஞ்சும். அந்த வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைய, துளையைச் சுற்றி மெதுவாக அழுகிப் பழம் உதிரும். பொதுவாகப் பயிரைக் கெடுப்பது புழு, சிறகு முளைத்த பூச்சி அப்பாவி. இங்கே அது தலைகீழ். புழு காட்டுக்கொடியைத் தின்றுவிட்டுப் போகிறது, வளர்ந்த பூச்சி தோட்டத்துக்கு வருகிறது. இரவில் பழத்தின் மேல் உட்கார்ந்திருப்பதெல்லாம் துளைக்கும் பூச்சியும் இல்லை. ஆமணக்குக் காவடிப்புழுவின் அந்துப்பூச்சி மாதிரி பல, யூடோசிமா போட்ட துளையிலோ ஏற்கெனவே வெடித்த இடத்திலோ வந்து சாறு குடிப்பவை. பழத்தில் இருந்தது என்பதை மட்டும் வைத்து அடையாளம் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

அப்புறம் புழு. அந்துப்பூச்சியை இனம் காண்பவர்கள் பலர் புழுவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. யூடோசிமா புழுவைச் சீந்தில் கொடியிலோ கட்டுக்கொடியிலோ தேடலாம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஆசியாவில் ஃபலோனியாவின் புழு இந்தக் குடும்பத்துக் கொடிகளை நம்பியே இருக்கிறது. பசிபிக் தீவுகளில் கல்யாண முருங்கை இனத்து மரங்களையும் தின்கிறது. நான் ஒருமுறை சீந்தில் இலையோடு ஒரு புழுவை எடுத்துவந்து வலை மூடிய பெட்டியில் வளர்த்தேன். கறுப்பு வெல்வெட் துணி மாதிரி உடல். வயிற்றின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கண்கள், வெள்ளையும் மஞ்சளும் வளையமிட்டு. அவை கண்களே இல்லை, கண் மாதிரி கோலம். பெட்டியைத் தட்டினால் புழு தலையை அடியில் மடக்கிக்கொண்டு, உடலின் முன்பகுதியை வளைத்து, பின்முனையைத் தூக்கிவிடும். அப்போது அந்தப் போலிக் கண்கள் இரண்டும் நேராக நம்மை முறைக்கும். உண்மையான தலை எங்கே என்று கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். முன்பக்கத்துப் போலிக்கால்கள் குறுகிப்போயிருப்பதால் நடக்கும்போது நடுவுடல் வளைந்து எழும்பும், காவடி மாதிரி. புழுவின் நிறமும் மாறக்கூடியது. கறுப்பிலும் வரும், பச்சையிலும் வரும். கடைசியில் இலைகளை நூலால் இழுத்துச் சேர்த்து அதற்குள் கூட்டுப்புழு ஆனது. வெளியே வந்த பூச்சி சிறகை உலர்த்தும்போது பின்சிறகைப் பார்த்தேன். நடுவில் வட்டப் பொட்டு. சீந்திலில் இருந்த புழு, கண்கோலம் உள்ள புழு, ஆகவே ஃபலோனியா என்று பெட்டியின் மேல் சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். மட்டெர்னாவின் புழுவும் அதே கொடியைத் தின்னும், அதற்கும் கண்கோலம் உண்டு. அன்றைக்குச் சீட்டைக் கிழித்து மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு புழுவைப் பார்த்து ‘யூடோசிமா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பூச்சி வெளியே வந்த பிறகே மீதிப் பெயரைச் சேர்க்கிறேன்.

சரி, பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். ஸ்வீடன் இயற்கையாளர் கார்ல் லின்னேயஸ் 1763இல் இந்தப் பூச்சிக்கு ஃபலோனியா என்று பெயர் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1764இல், அவருடைய நாட்டுக்காரரான கார்ல் கிளெர்க் தம் வண்ணப்பட நூலில் ஃபுல்லோனியா என்று பெயரிட்டார். (சிலந்தி ஆய்வாளர்களுக்கு இந்தக் கிளெர்க் மிகவும் நெருக்கமானவர். விலங்குப் பெயரிடலுக்குத் தொடக்க நாள் 1758 ஜனவரி 1 என்று விதி வைத்தவர்கள், 1757இல் வந்த அவருடைய சிலந்தி நூலுக்கு மட்டும் விலக்கு அளித்து அதன் பெயர்களை ஏற்றுக்கொண்டார்கள்.) பிறகு ஃபுல்லோனிகா என்ற எழுத்து வடிவமும் சேர்ந்தது. இதே சமயத்தில் மட்டெர்னா என்ற பெயரை லின்னேயஸ் 1767இல் கொடுத்தார். அது தொடக்கத்திலிருந்தே தனி இனம்.

அன்றைக்குப் பேரினம் என்பது இப்போது போல் நுணுக்கமானது அல்ல. லின்னேயஸ் செதிற்சிறகிகள் அனைத்தையும் மூன்றே பெட்டியில் போட்டார்: வண்ணத்துப்பூச்சிக்கு ஒன்று, பருந்து அந்துப்பூச்சி வகைக்கு ஒன்று, மற்ற அந்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் ‘ஃபலேனா’ என்று ஒன்று. பின்னால் வந்தவர்கள் அந்த மூன்றாவது பெட்டியைப் பிரித்துக்கொண்டே போனார்கள். பில்பெர்க் 1820இல் யூடோசிமா என்றார். ஹூப்னர் சில ஆண்டுகளில் ஓத்ரெயிஸ் என்றார். புவாடுவால் 1832இல் ஓபிடெரெஸ் என்றார். நீங்கள் பார்த்த பழைய நூலில் ஓபிடெரெஸ் என்று இருப்பதில் ஆச்சரியமில்லை. ஹாம்ப்சன் 1890களில் பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். அவரும் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்தினார். அந்தத் தொகுதிகளை வைத்துத்தான் இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக அந்துப்பூச்சி படித்தார்கள். பிறகு வேளாண் நூல்களில் ஓத்ரெயிஸ் நிலைத்துவிட்டது. 1989இல் ராபர்ட் பூல் தொகுத்த உலகப் பட்டியல் இவற்றையெல்லாம் யூடோசிமாவின் கீழ் கொண்டுவந்தது. 2002இல் அல்பெர்ட்டோ சில்லியும் வில்லெம் ஹோகனெஸும் இந்தப் பேரினத்தின் இனங்களை மறுபடி அலசினார்கள். இந்த இனத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் ஃபலோனியா.

ஏன் ஃபலோனியா? ஒரே உயிரினத்துக்கு இரண்டு பெயர் வைக்கப்பட்டிருந்தால் முதலில் அச்சில் வந்ததற்கே உரிமை என்பது விலங்குப் பெயரிடலின் அடிப்படை விதி. ஃபலோனியா ஓராண்டு மூத்தது, ஆகவே அது நிற்கிறது. ஃபுல்லோனியா அதன் மாற்றுப்பெயராக இறங்கிவிடுகிறது, ஆனால் அழிந்துபோவதில்லை. இரண்டு நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகளும் அருங்காட்சியகச் சீட்டுகளும் அந்தப் பெயரில் இருக்கின்றன. தேடும்போது எல்லாப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஓத்ரெயிஸ் ஃபுல்லோனியா என்று எழுதியிருக்கும் நல்ல ஆய்வைப் பழைய பெயர் என்பதற்காக ஒதுக்கிவிட்டால் நட்டம் நமக்குத்தான். பேரினத்தில் யூடோசிமா வென்றதும் இதே மூப்பு விதியால். இவையெல்லாம் ஒரே பேரினம் என்று முடிவான பிறகு 1820இல் வந்த பெயருக்கே முதலிடம்.

இனப் பெயருக்குப் பின்னால் ‘(லின்னேயஸ், 1763)’ என்று அடைப்புக்குறியோடு பார்த்திருப்பீர்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. இனத்துக்குப் பெயர் கொடுத்தவர் லின்னேயஸ், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் இப்போது இது இல்லை, இடம் மாறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். இதை ஒரு முறை தெரிந்துகொண்டால் எந்த உயிரினப் பட்டியலைப் பார்த்தாலும் அதன் வரலாறு கொஞ்சம் தெரியத் தொடங்கும். 

குடும்பம் மாறியதுதான் பலரை எரிச்சலூட்டுகிறது. பழைய நூல் நாக்டுயிடே என்கிறது, புதியது எரெபிடே என்கிறது. பழையவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பெருங்கூட்டம் முழுவதற்கும் பொதுவான ஓர் உறுப்பு இருக்கிறது, காது. நெஞ்சின் பின்பகுதியில் இரு பக்கமும் மெல்லிய சவ்வு கட்டிய செவி. வௌவால் எழுப்பும் ஒலியை அதில் கேட்டுத்தான் இவை திசை மாறி விழுந்து தப்புகின்றன. அந்தச் செவி உள்ளவை எல்லாம் நாக்டுவாய்டியா என்ற பெருங்குடும்பம் என்பதில் அன்றும் சண்டை இல்லை, இன்றும் இல்லை. அதற்குள் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சண்டை.

முன்பு இதற்குச் சிறகு நரம்பைப் பார்த்தார்கள். பின்சிறகின் செதிலைத் துடைத்துவிட்டு நரம்பை எண்ணினால், சிலவற்றில் நடுவே ஒரு நரம்பு மெலிந்து காணாமல் போயிருக்கும். ஆகவே கீழ்க்கிளை மூன்றாகத் தெரியும். சிலவற்றில் அந்த நரம்பு வலுவாக இருந்து, அடியில் மற்றவற்றோடு சேர்ந்து, நான்காகத் தெரியும். யூடோசிமா நான்கு நரம்புக் கட்சி. ஆனால் புலி அந்துப்பூச்சிகளும், கம்பளிப்பூச்சி மொய்க்கும் லைமான்ட்ரியா வகைகளும் நான்கு நரம்புக் கட்சியில்தான் இருந்தன. அவற்றுக்குத் தனிக் குடும்பம் கொடுத்துவிட்டு, யூடோசிமா போன்ற மீதியை மட்டும் மூன்று நரம்புக்காரர்களோடு நாக்டுயிடேவுக்குள் வைத்திருந்தார்கள். இதன் பொருத்தமின்மை பலருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 2011இலும் 2012இலும் ரேஸா ஸஹிரியும் கூட்டாளிகளும் எட்டு மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுகள் நரம்பு சொன்னதையே உறுதி செய்தன. யூடோசிமாவும் புலி அந்துப்பூச்சியும் லைமான்ட்ரியாவும் ஒரே கிளையில் வருகின்றன. அந்தக் கிளைக்கு எரெபிடே என்று பெயர் நின்றது. தனிக் குடும்பமாக இருந்த அந்த இரண்டும் அதற்குள் துணைக்குடும்பங்களாக ஆயின. இப்போது எரெபிடேயில் 24,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆகவே உங்கள் சீட்டில் எரெபிடே என்றே எழுதுங்கள்.

அதற்குக் கீழே துணைக்குடும்பம் கால்பினே. இங்கே அந்த நாக்கு மறுபடி வருகிறது. இதே துணைக்குடும்பத்தில் கலிப்ட்ரா என்று ஒரு பேரினம். அவற்றில் பலவும் பழம் துளைப்பவைதான். ஆனால் 1960களின் பிற்பகுதியில் ஹான்ஸ் பென்ஸிகர் என்ற சுவிஸ் ஆய்வாளர், மலேயாவில் கலிப்ட்ரா யூஸ்ட்ரிகாட்டா என்ற பூச்சி பாலூட்டிகளின் தோலைத் துளைத்து இரத்தம் குடிப்பதைக் கண்டார். பழத்தோலைத் துளைக்கிற கருவியால் விலங்கின் தோலையும் துளைக்க முடிந்திருக்கிறது. கால்பினே பூச்சிகளின் குழல் நுனியில் உள்ள கொக்கிகளையும் முட்களையும் மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இந்த மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்பதைத்தான் தேடுகிறார்கள். யூடோசிமா இரத்தம் குடிப்பதில்லை, உங்கள் வீட்டில் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

‘மரபணுவைப் பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு உதவும். 2003இல் பால் ஹெபர்ட் முன்வைத்த முறையில், தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றின் ஒரு துண்டை, ஏறக்குறைய 650 எழுத்து நீளத்தை, எல்லா விலங்குக்கும் ஒரே இடத்தில் வெட்டிப் படித்து ஒப்பிடுகிறார்கள். செத்த பூச்சியின் ஒரு கால் போதும். ஃபலோனியாவையும் மட்டெர்னாவையும் பிரிக்க இவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. கண்ணே போதும். அண்மையில் பிரிந்த நெருங்கிய இனங்களில் அந்தத் துண்டு சில நேரம் ஒரே மாதிரி இருந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மாதிரி இடத்தில் இன்றும் நம்பகமானது பழைய வழி. வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்து மென்மையாக்கி, உள்ளே உள்ள இனப்பெருக்க உறுப்பின் கெட்டியான பாகங்களை நுண்ணோக்கியில் பார்ப்பது. நெருங்கிய அந்துப்பூச்சி இனங்களில் சிறகு ஏமாற்றும் இடங்களில் அந்த உறுப்பின் வடிவம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் அதற்காகப் பூச்சியைக் கொல்ல வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த முறை இப்படி ஒன்று வந்து உட்கார்ந்தால் உடனே தொட்டுவிடாதீர்கள். முதலில் மூடிய சிறகோடு மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து. பிறகு பக்கவாட்டில் ஒரு படம், முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டு உணரிகள் தெரியும்படி. அதன் பிறகு ஒரு புல் தண்டால் முன்சிறகின் ஓரத்தை மெல்ல முன்னே தள்ளுங்கள். பொதுவாகப் பூச்சியே சிறகைத் தூக்கிப் பின்சிறகைக் காட்டும். ஓரிரு நொடிதான் கிடைக்கும், கைப்பேசியைத் தொடர்ந்து படம் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிறகை விரலால் பிடிக்க வேண்டாம், செதில் உதிர்ந்துவிடும். தேதி, நேரம், எந்த மரத்தின் அருகில், விளக்கு என்ன வகை என்பதையும் குறித்துவையுங்கள். பக்கத்தில் சீந்தில் கொடி இருந்தால் பகலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்கோலம் போட்ட புழு கிடைத்தால் அதே கொடியின் இலையைக் கொடுத்து வளருங்கள். பூச்சி வெளியே வந்து சிறகு உலர்ந்ததும் அதன் பின்சிறகைப் படம் எடுத்து அனுப்புங்கள், பொட்டா திட்டா என்று சேர்ந்து பார்ப்போம்.